எம்பிக் குதித்த உயரம் எவ்வளவு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வாலிபால் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். பெரிய நகரத்தின் உள்ளரங்கத்தில் கட்டினாலும், எங்கள் மானாம்பதியில் அறுவடை முடிந்த கழனியில் இரண்டு சவுக்குக் கழிகளை நட்டுக் கட்டினாலும் வலை அதே உயரந்தான். ஆடுகிறவன் உயரம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சுமாரான உயரமுள்ள ஓர் இளைஞன் கையைத் தூக்கி நின்றால் விரல் நுனி 2.20 அல்லது 2.25 மீட்டரில் நிற்கும். வலைக்கு மேலே ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயர்ந்து பந்தை அடிக்க வேண்டுமானால், மீதியை அவன் கால்கள்தாம் கொடுக்க வேண்டும். ஆகவே எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் வாலிபால் ஆடும் பிள்ளைகள் கூடுமிடத்தில் அடிக்கடி எழும் கேள்வி, ‘நீ எவ்வளவு எம்புவே?’ என்பதே.

இதற்கு விடையாகச் சொல்லப்படும் எண்கள் விசித்திரமானவை. ஒருவன் எழுபது சென்டிமீட்டர் என்பான். இன்னொருவன் செல்போனில் ஒரு செயலியைக் காட்டி அறுபத்திரண்டு என்பான். மூன்றாமவன் பள்ளியில் சுவரோரம் எடுத்த அளவைச் சொல்வான். இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவைதாமா? வீடியோ எடுத்து ஓர் ஆட்டக்காரனின் தாவலை அளப்பது எப்படி, அந்த அளவை எந்த மட்டும் நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதற்கு வேண்டிய இயற்பியல் முழுவதும் நாம் மேல்நிலைப் பள்ளியில் படித்ததுதான். வேண்டிய கருவி, இப்பொழுது பலர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

உயரம் தாண்டும் போட்டியில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே குறுக்குக் கம்பி இருக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர், உடற்கல்வி ஆசிரியரின் தூண்டுதலால் உயரம் தாண்டுதலுக்கு வந்து, 2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024-ல் பாரீசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். கம்பி விழவில்லை என்றால் தாண்டினார் என்று பொருள். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எம்புகிறவனுக்குக் கம்பி ஏது? அவன் காற்றில் எழுந்து காற்றிலேயே திரும்பி விடுகிறான். அடையாளம் ஒன்றும் விட்டுச் செல்வதில்லை.

அந்த அடையாளத்தைச் சுவரில் விடச் செய்தவர் அமெரிக்க உடற்பயிற்சி ஆசான் டட்லி ஆலன் சார்ஜென்ட். 1921-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இச்சோதனைக்குச் ‘சார்ஜென்ட் தாவல்’ என்ற பெயரே நிலைத்து விட்டது. இன்று நம் பள்ளிகளில் செய்யும் முறை யாவரும் அறிந்ததே. விரலில் சாக்பீஸ் பொடியைத் தடவிக்கொண்டு, சுவரோரம் பாதம் முழுதும் தரையில் படிய நின்று, கையை எட்டும் மட்டும் உயர்த்தி ஒரு கோடு. பிறகு எம்பித் தொட்டு மற்றொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரமே தாவல். செலவில்லாத சோதனை. ஆனால் சுவரோரம் தாவும்போது மோதிக்கொள்வோமோ என்ற தயக்கம் ஒரு பக்கம், உச்சியை அடைந்த அதே கணத்தில் தொடவேண்டிய சாமர்த்தியம் மறுபக்கம். முன்னதாகவோ பின்னதாகவோ தொட்டால் அளவு குறைந்து விடும்.

வீடியோவின் வழி வேறு. கண்ணால் பிடிக்க முடியாத அசைவைப் படம் பிடித்து நிறுத்துவது என்பது பழைய ஆசை. 1878-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்று காட்டினார். பன்னிரண்டு காமிராக்கள் செய்த வேலையை இன்று ஒரு செல்போன் செய்கிறது. சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படங்கள், அதாவது 30 பிரேம்கள். ‘ஸ்லோ மோஷன்’ வசதியுள்ள போன்களில் 120 அல்லது 240 பிரேம்கள்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடியோவை வைத்து உயரம் காணும் செயலிகளுள் பெரும்பாலானவை உயரத்தை அளப்பதே இல்லை. அவை அளப்பது நேரத்தை. கால் தரையை விட்ட கணத்துக்கும் மீண்டும் தரையைத் தொட்ட கணத்துக்கும் இடையே எத்தனை பிரேம்கள் என்று எண்ணி, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றன.

கணக்கு எளிது. எம்பிய உடல் மேலே செல்ல எடுத்துக் கொள்ளும் நேரமும் கீழே வர எடுத்துக் கொள்ளும் நேரமும் சமம். மொத்தம் காற்றில் இருந்த நேரம் t வினாடி என்றால், உச்சியிலிருந்து விழுந்த நேரம் அதில் பாதி. ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். பாதி நேரத்தின் வர்க்கம் என்பது முழு நேரத்தின் வர்க்கத்தில் நாலில் ஒன்று. ஆகவே உயரம், g-ஐ t-யின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்த தொகை. நம் வட்டாரத்தில் g-யின் மதிப்பு 9.78 மீட்டர்/வினாடி². (பாடநூலில் வரும் 9.81-ஐப் போட்டாலும் குடி மூழ்கிவிடாது. 45 சென்டிமீட்டர் தாவலில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வேறுபாடு வராது.) எட்டால் வகுத்துச் சென்டிமீட்டராக மாற்றினால் 122 என்ற எண் கிடைக்கிறது. நேரத்தின் வர்க்கத்தை 122-ஆல் பெருக்கு, முடிந்தது கணக்கு. அரை வினாடி காற்றில் இருந்தவன் 30.5 சென்டிமீட்டர் எம்பியிருக்கிறான். 0.6 வினாடி இருந்தவன் 44. 0.7 வினாடி என்றால் கிட்டத்தட்ட 60. காற்றில் இருக்கும் நேரம் அரை வினாடியிலிருந்து 0.7 வினாடியாவதற்குள் உயரம் இரட்டித்து விடுவதைப் பாருங்கள். நேரத்தின் வர்க்கம் என்பதால் வரும் விளைவு இது. நேரத்தில் செய்யும் சிறு பிழையும் உயரத்தில் பெரிதாகிவிடும் என்பதும் இதனுள் அடங்கியிருக்கிறது.

அந்தப் பிழை எவ்வளவு? ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையிலெடுத்ததும் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது அதன் மீச்சிற்றளவு. வீடியோவுக்கும் மீச்சிற்றளவு உண்டு. அது ஒரு பிரேமின் காலம். 30 பிரேம் வீடியோவில் 0.6 வினாடி என்பது 18 பிரேம்கள். எண்ணும்போது ஒன்று கூடிப்போய் 19 என்று எண்ணினால் விடை 49 சென்டிமீட்டர். ஒன்று குறைந்து 17 என்றால் 39. ஒரே ஒரு பிரேமுக்கு ஐந்து சென்டிமீட்டர்! மூன்று மாதப் பயிற்சியில் ஓர் ஆட்டக்காரனுக்குக் கூடக்கூடிய உயரமே அவ்வளவுதான் இருக்கும். ஆக, சாதாரண வீடியோவை வைத்துக்கொண்டு போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் முன்னேற்றம் பார்ப்பது, கிராம் கணக்கில் வாங்கும் மஞ்சள் தூளை நெல் நிறுக்கும் தராசில் நிறுப்பது போன்றது. 60 பிரேம் வீடியோவில் இப்பிழை இரண்டரை சென்டிமீட்டராகக் குறைகிறது. 240 பிரேமில் அதே 0.6 வினாடி 144 பிரேம்கள். ஒரு பிரேம் தவறினால் ஆறு மில்லிமீட்டர். இது சுவரில் சாக்பீஸ் கோட்டின் தடிப்பு அளவுதான்.

தாவும்போது காற்றில் இருக்கும் நேரத்தை அளக்கும் முறை வீடியோவோடு பிறந்ததல்ல. 1983-ல் இத்தாலியைச் சேர்ந்த கார்லோ போஸ்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் மின்தொடர்புள்ள ஒரு விரிப்பைத் தரையில் இட்டு, கால் எடுத்ததும் கடிகாரம் ஓடவும் கால் பட்டதும் நிற்கவும் செய்து அளந்தார்கள். ஆராய்ச்சிக் கூடங்களில் இதனினும் நுட்பமான விசைத் தட்டுகள் உண்டு. அவற்றின் விலை பல லட்சம். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் பால்சலோப்ரே செல்போனின் 120 பிரேம் வீடியோவை அந்த விசைத் தட்டோடு ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டும் நன்றாக ஒத்துப் போகின்றன என்று காட்டினார். லட்சக் கணக்கில் செலவழிக்க வழியில்லாத ஊர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் எப்படி எடுத்தால் ஒத்துப் போகும் என்பதில்தான் சூட்சுமம் முழுதும் இருக்கிறது.

நானும் எங்கள் ஊர் வாலிபால் நண்பர்களும் இதனைச் செய்து பார்த்த முறையைச் சொல்கிறேன். மணல் ஆடுகளத்தில் கால் புதைவதால், கால் எப்போது தரையை விட்டது என்று தீர்மானிக்க முடியவில்லை. ஆதலால் நெல் காய வைக்கும் சிமெண்டுக் களத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெறுங்கால். போனை ஒரு செங்கல்லின் மேல் சாய்த்து, தரையோடு தரையாக, பாதங்களிலிருந்து நான்கைந்து அடி தூரத்தில் வைத்தோம். ஆள் முகமோ தோளோ படத்தில் தெரிய வேண்டியதே இல்லை. பாதம் தெரிந்தால் போதும். எம்புகிறவன் முகம் தெரியவில்லையே என்று சிலருக்கு வருத்தந்தான்.

நேரம் காலை ஏழரை மணி. இதற்குக் காரணம் உண்டு. தாழ்வான வெயிலில் பாதத்தின் நிழல் நீளமாக விழும். பெருவிரல் தரையோடு இருக்கும் வரை விரலும் நிழலும் ஒட்டியே இருக்கும்; விரல் எழுந்த அடுத்த பிரேமிலேயே இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். கால் எழுந்ததைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரவில் மின்விளக்கில் எடுத்துப் பார்த்தோம். நம் மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று மாறுமின்னோட்டம் ஆதலால் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு 240 பிரேம் வீடியோவில் பளிச் பளிச்சென்று தெரிந்து, பிரேம்களை எண்ண விடாமல் செய்தது.

போன் சொல்லும் 240 என்பது மெய்யாகவே 240தானா? இதையும் சோதித்துக் கொள்ளலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை விட்டால் அது தரையை அடைய 0.452 வினாடி ஆகும். 240 பிரேமில் அது 108 அல்லது 109 பிரேம்களாக வரவேண்டும். வந்தால் போன் நம்பத் தக்கது. சில போன்கள் வெளிச்சம் குறைந்தால் பிரேம்களையும் குறைத்து விடுகின்றன. சில, ஸ்லோ மோஷன் வீடியோவின் முதலிலும் கடைசியிலும் சற்று நேரத்தைச் சாதாரண வேகத்தில் வைத்து, நடுப்பகுதியை மட்டும் மெதுவாக்குகின்றன. தாவல் அந்த நடுப்பகுதிக்குள் அமைய வேண்டும். எனவே ‘எடு’ என்று சொன்னதும் எம்பாமல் இரண்டு வினாடி பொறுத்து எம்புவது நல்லது.

பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்க்கத் தனிச் செயலி வேண்டுமென்பதில்லை. கணினியில் வி.எல்.சி. இருந்தால், ஆங்கில அரிச்சுவடியின் ஐந்தாம் எழுத்தை அழுத்த அழுத்த ஒவ்வொரு பிரேமாக நகரும். விளையாட்டு வீடியோக்களுக்கென்றே உள்ள கினோவியாவும், இயற்பியல் பாடத்துக்காக ஆக்கப்பட்ட டிராக்கரும் காசில்லாமல் கிடைப்பவை. விரல் எழுந்த முதல் பிரேமிலிருந்து தரையில் பட்ட முதல் பிரேம் வரை எண்ணி, 240-ஆல் வகுத்தால் நேரம். தாவல் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணினோம். இரண்டு எண்ணிக்கைக்கும் ஒரு பிரேமுக்கு மேல் வேறுபாடு வந்தால் மறுபடியும் எண்ணினோம்.

இனி, இம்முறையை ஏமாற்றும் வழியைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் பலர் தம்மை அறியாமலே அதைச் செய்கிறார்கள். மேலே செல்லும் நேரமும் கீழே வரும் நேரமும் சமம் என்று கொண்டோம் அல்லவா? எழும்போதும் இறங்கும்போதும் உடல் ஒரே நிலையில் இருந்தால்தான் அது உண்மை. எழும்போது முழங்கால் நேராக, நுனிக்கால் ஊன்றி எழுகிறோம். இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால் பாதம் தரையைத் தொடுவது தாமதமாகும். உடலின் நிறை மையம் எழுந்த மட்டத்துக்கும் கீழே இறங்கிக்கொண்டே இருக்க, காலம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் 44 சென்டிமீட்டர் எம்பிய ஒருவன், இறங்கும்போது மடங்கி நிறை மையத்தைப் பத்து சென்டிமீட்டர் தாழ்த்திக்கொண்டால், காற்றில் இருக்கும் நேரம் 0.6-லிருந்து 0.632 வினாடியாகி, கணக்கு 49 என்று காட்டும். இருபது சென்டிமீட்டர் தாழ்ந்தால் 53-ஐத் தாண்டிவிடும். எழுபது, எண்பது என்று சொல்லித் திரியும் எண்களில் பல இப்படிப் பிறந்தவையே என்பது என் துணிபு. ஆகவே இறங்கும்போது முதலில் நுனிக்கால் படவேண்டும், முழங்கால் நேராயிருக்க வேண்டும், பட்ட பிறகே மடக்கலாம் என்று விதி வைத்துக்கொண்டோம். வீடியோவில் குதிகால் முதலில் பட்டதாகத் தெரிந்தால் அந்தத் தாவல் தள்ளுபடி.

கை வீச்சையும் மறந்துவிடக் கூடாது. இடுப்பில் கை வைத்து எம்புவதைவிடக் கைகளை வீசி எம்பினால் சில சென்டிமீட்டர் கூடும். எது வேண்டுமானாலும் செய்யலாம்; ஆனால் ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் செய்துவிட்டு ஒப்பிடக் கூடாது.

இப்போது இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். எங்கள் ஊர்த் தம்பி ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவன், நல்ல ஆட்டக்காரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் ஓர் இடம் கிடைத்தால்தான் மேலே படிக்கலாம் என்ற நிலையில் உள்ளவன். பள்ளியில் சுவரோரம் அளந்தபோது அவன் தாவல் 49 சென்டிமீட்டர். அதன்பின் எட்டு வாரம் விடாமல் பயிற்சி செய்தான். பிறகு ஒரு தேர்வு முகாமில் செல்போன் செயலியில் அளந்து 41 என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் பந்தைத் தொடவில்லை. “அண்ணா, எட்டு வாரமா குதிச்சதுல இருந்ததும் போயிடுச்சே” என்று அவன் சொன்னபோது, ஆறுதலாக எதையாவது சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

களத்தை ஒட்டிய கிடங்கின் சுவரில் அவனை நிற்க வைத்து, இரண்டு முறையிலும் ஒரே தாவலை அளந்தோம். பாதம் படிய நின்று அவன் விரல் எட்டிய உயரம் 221 சென்டிமீட்டர். எம்பித் தொட்ட கோடு 273. வேறுபாடு 52. அதே தாவலின் வீடியோவை எண்ணினால் 139 பிரேம்கள், 0.579 வினாடி, 41 சென்டிமீட்டர்! ஒரே ஆள், ஒரே கணம், ஒரே தாவல், எண்கள் இரண்டு. மூன்று முறை செய்தும் இடைவெளி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலேயே நின்றது.

காரணம் காலடியிலேயே இருக்கிறது. சுவர் அளவு, பாதம் முழுதும் தரையில் படிந்த நிலையிலிருந்து தொடங்குகிறது. ஆனால் எம்பும்போது குதிகால் முதலில் எழுந்து, உடல் முழுவதும் உயர்ந்து, கடைசியில்தான் விரல் நுனி தரையை விடுகிறது. அந்த உயர்வு நடக்கும்போது கால் இன்னும் தரையில்தான் இருக்கிறது. வீடியோவின் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லை. தம்பியைச் சுவரோரம் நுனிக்காலில் நின்று கையை உயர்த்தச் சொன்னோம். விரல் 231-ஐத் தொட்டது. பத்து சென்டிமீட்டர் அங்கேயே அகப்பட்டுவிட்டது. 231-லிருந்து 273 வரை 42. வீடியோ சொன்னது 41. மிச்சமுள்ள ஒரு சென்டிமீட்டரைத் தோளின் நீட்சிக்கும் சாக்பீஸ் கோட்டுக்கும் விட்டுவிடலாம். திருகு அளவியில் சுழிப்பிழை பார்ப்போமே, ஏறக்குறைய அதுபோலத்தான். இரண்டு முறைகளும் வெவ்வேறு சுழியிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. இரண்டும் தவறல்ல. ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிப்பதுதான் தவறு.

சுவரைச் சுவரோடு ஒப்பிட்டால் 49 இப்போது 52 ஆகியிருக்கிறது. வேறு சுவர், வேறு ஆள் அளந்தது என்று ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டாலும் தம்பி குறைந்து போகவில்லை என்பது உறுதி. மேலும் அவன் விரல் தொட்ட 273 என்பது வலைக்கு மேலே முப்பது சென்டிமீட்டர். பந்துக்கு எதிரே நிற்பவனுக்குத் தெரிவது அந்த உயரந்தானே தவிர, பறந்த நேரமல்ல. என் அபிப்பிராயத்தில், ஆட்டத்துக்கு ஏற்றவனா என்று பார்க்கத் தொடும் உயரமும், கால்வலு வாரா வாரம் கூடுகிறதா என்று பார்க்க வீடியோவும் பொருத்தம்.

வீடியோவில் இன்னொரு முறையும் உண்டு. இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பக்கத்தில் அளவுகோலை வைத்து, துணி எவ்வளவு உயர்ந்தது என்று படத்திலேயே அளப்பது. பார்க்க மிகவும் நம்பகமாகத் தோன்றும். ஆனால் அளவுகோலைப் பின்னாலுள்ள சுவரில் மாட்டிவிட்டால் இடமாறு தோற்றப் பிழை விழுங்கிவிடும். காமிரா ஆளிடமிருந்து இரண்டு மீட்டரிலும், சுவர் அவனுக்கு அரை மீட்டர் பின்னாலும் இருந்தால், 44 சென்டிமீட்டர் எழுச்சி சுவர் அளவுகோலில் 55-ஆகத் தெரியும். காமிராவை ஐந்து மீட்டருக்குத் தள்ளினால் 48 ஆகும். தூரம் கூடக்கூடப் பிழை குறையும், ஆனால் ஒழியாது. ஒரு மீட்டர்க் கழியை ஆள் நிற்கும் அதே கோட்டில், அவனுக்குப் பக்கத்தில் நிறுத்துவதே சரி. இம்முறைக்கு வேகமான பிரேம் தேவையில்லை. உச்சியில் உடல் ஏறக்குறைய நின்றுவிடுவதால் 30 பிரேம் வீடியோவே போதும். 240 பிரேம் இல்லாத சாதாரண போன் வைத்திருப்போருக்கு இதையே சொல்வேன்.

உச்சியில் நிற்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் வாலிபால் அணி வெண்கலம் வென்றது. அந்த அணியில் ஆடிய கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ், இத்தாலியில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கி, 1987-ல் அங்கேயே ஒரு கார் விபத்தில் மறைந்தார். அவர் போன்ற பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பழைய இரசிகர்கள் ‘காற்றிலேயே நின்று அடிப்பார்’ என்பார்கள். புவியீர்ப்பு யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை. எனினும் அவர்கள் கண்டது பொய்யுமல்ல. தாவலின் மேல் கால் பங்கு உயரத்தைக் கடக்க, மொத்த நேரத்தில் சரிபாதி செலவாகிறது. 44 சென்டிமீட்டர் தாவலில் மேலுள்ள 11 சென்டிமீட்டரில் மட்டும் 0.3 வினாடி. வீடியோவைப் பிரேம் பிரேமாக நகர்த்தினால் இதைக் கண்ணாலேயே காணலாம். தொடக்கத்தில் இடுப்புத் துணி பிரேமுக்குப் பிரேம் துள்ளிச் செல்லும். உச்சியருகே பல பிரேம்களுக்கு அசையவே அசையாது.

எங்களூருக்குப் பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை உள்ளன. குடவோலைக்கு நிற்பவனுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்குமுன் அளவை ஊரறிய எழுதினார்கள். இன்றைய தேர்வு முகாம்களில் தாவல் அளக்கும்போதும் சுவரா வீடியோவா, வினாடிக்கு எத்தனை பிரேம், கை வீசலாமா கூடாதா என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? முகாமிலிருந்து வந்த தம்பியின் தாளில் ‘41’ என்ற எண் மட்டுமே இருந்தது.

அவனுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, முறை, பிரேம், கை, மூன்று தாவல்கள், அவற்றின் சராசரி. வெள்ளிக்கிழமை தோறும் ஒரே களத்தில், ஒரே போனில் எடுக்கிறோம். ஐந்து வாரத்தில் 41 என்பது 42.5 ஆகியிருக்கிறது. எங்கள் மீச்சிற்றளவைவிட இது பெரிது என்பதால் நம்பலாம் என்று சொல்லியிருக்கிறேன். மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டான்.

ஓடி வந்து எம்பி அடிக்கும் தாவலை இன்னும் அளக்கவில்லை. கிடையாக நகர்வது செங்குத்து இயக்கத்தைப் பாதிக்காது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். எனவே அதே சூத்திரம் செல்லும். ஆனால் எழும் இடம் ஒன்று, இறங்கும் இடம் ஒன்று என்பதால் ஒரே படத்துக்குள் இரண்டு பாதங்களும் தெளிவாக அடங்குவதில்லை. போதாக்குறைக்கு, ஆட்டத்தில் யாரும் முழங்காலை நேராக வைத்து இறங்குவதுமில்லை. போனைப் பக்கவாட்டில் இன்னும் தள்ளி வைத்து, இடுப்புத் துணி முறையில் முயன்று பார்க்க எண்ணியிருக்கிறோம். தை அறுவடை வந்தால் களம் நெல்லுக்குப் போய்விடும்; அதற்குமுன் செய்தாக வேண்டும்.